ஏழாம் நம்பர் முடி

மருதாளின் பின்னலுக்கு நான் வைத்த பெயர் எலிவால். 1988-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அந்தப் பெயரை அவள் காதுபடவே சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் பின்னல் அப்போது இடுப்பைத் தாண்டி இறங்கும். பெரிய படிப்போ சொத்தோ எனக்கு இல்லை. திமிர் காட்டுவதற்கு இருந்தது அந்த முடி ஒன்றுதான். அதைக் குறைவில்லாமல் காட்டினேன். மருதாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

ஆத்தப்பன் முதலாளியின் கம்பெனியில் உள்ளூருக்கு ஜட்டியும் வெளிநாட்டுக்கு வெள்ளை டீ-ஷர்ட்டும் தைத்தார்கள். நாங்கள் செக்கிங் பிரிவு. ஒரு மேஜைக்கு ஆறு பெண்கள். தைத்து வந்த பீஸை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் எல்லாம் பார்த்து, கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பால் அளந்து, நல்லதை மேஜை நடுவில் அடுக்க வேண்டும். ஒரு டஜன் சேர்ந்ததும் அவரவர் நம்பர் போட்ட சீட்டை உள்ளே வைத்துக் கட்டிவிடுவோம். பின்னால் குற்றம் ஏதாவது அகப்பட்டால் சீட்டைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். மருதாள் ஏழாம் நம்பர். நான் எட்டு.

அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. பொங்கலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவளுடைய அப்பா நல்லானும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்து, வாசலில் நின்றபடியே கூலி வாங்கியவர்கள். அவளும் பதினெட்டு வயதுவரை அந்த வாசலில் நின்றவள்தான். கல்யாணமாகி வேலம்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டுக்கு வந்தபின் முதலில் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்தாள். பிசிறு என்றால் தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க அதை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, அவள் கண்ணின் கூர்மையைப் பார்த்துச் செக்கிங் மேஜைக்கு ஏற்றினார்கள். அங்கே ஆளுக்கொரு ஸ்டூல் உண்டு.

முதல் நாள் அவள் ஸ்டூலின் நுனியில்தான் உட்கார்ந்தாள். எதிரே நான் இருந்தேன். எங்கள் அப்பா நாலு ஏக்கர் தோட்டக்காரர். கிணறு வற்றியபிறகு நான் கம்பெனிக்கு வந்தேன். எங்கள் வீட்டு ஆட்களுக்கு எதிரே சமமாக உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு மாதம் போனதும் ஸ்டூலில் முழுதாக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவளை அதிலிருந்து இறக்க யாராலும் முடியாது என்று தோன்றியது. இறக்கும் நிலை வந்தது, முடியால்.

அந்த வருடம் மாசியில் முதல் முடி அகப்பட்டது. சரக்கு கிளம்புமுன் வாங்குகிற கம்பெனியின் ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்ப்பார். ஒரு வெள்ளை டீ-ஷர்ட்டின் மடிப்புக்குள் நீளமாக ஒரு முடி கிடந்தது. அந்த டஜனில் ஏழாம் நம்பர் சீட்டு. நாற்பது பெட்டியையும் பிரித்து மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் இரண்டு நாள் மாய்ந்து மாய்ந்து பிரித்தோம். மருதாளைத் திட்டாதவர் யாரும் பாக்கியில்லை.

அது யாருடைய முடி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? மருதாள் ஒரு இழுப்பு சீவினால் சீப்பு நிறைய முடி வரும். ஸ்டூலைச் சுற்றித் தரையில் கிடக்கும். வகிடு அகலமாகி மண்டை தெரியும். சூப்பர்வைசர் சாரதாமணி எனக்குச் சின்னம்மா மகள், அக்கா முறை. அவள் மருதாளைக் கூப்பிட்டு, "முடியை இறுக்கிக் கட்டோணும் மருதா. ஒரு மயிரு வெளிய வரப்படாது" என்று சொல்லி அனுப்பினாள்.

மருதாள் சொன்ன பேச்சைத் தட்டாதவள். இறுக்கினாள். எதால் இறுக்கினாள் என்பதுதான் விஷயம். ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கின் வெட்டுத்துண்டு கம்பெனித் தரையெல்லாம் கிடக்கும். அதைப் பொறுக்கி முடிச்சுப் போட்டு முடிக்கு மாட்டிக்கொள்வது திருப்பூரில் எல்லாப் பெண்களும் செய்தது. கடையில் ரிப்பன் வாங்குகிறவளைப் பார்த்துச் சிரிப்போம். மருதாள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாள். காலையில் ஈரத்தலையோடு மாட்டினால் மாலையில்தான் கழற்றுவாள். முடி இன்னும் அதிகமாகக் கொட்டியது.

ஆனியில் இரண்டாவது முடி. மறுபடியும் ஏழாம் நம்பர் சீட்டு. இந்தத் தடவை சாரதாமணி மேஜைக்கே வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அந்த முடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"உன்ற சீட்டுதானே இது?"

"என்ற சீட்டுதானுங்க்கா."

"மொதலாளி கத்திட்டுப் போறாரு. இதுதான் கடைசி. இன்னொருக்கா ஏழாம் நம்பர்ல மசுரு வந்துச்சுன்னா நீ மறுபடியும் பிசிறுக்குப் போயிரு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

முடியை மேஜைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் குனிந்து பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருதாள் அந்த முடியை எடுத்து, ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, சோற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இதைப்போய் யாராவது எடுத்து வைப்பார்களா என்று நினைத்தேன். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

அடுத்த ஒரு வாரம் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். மேஜையில் எங்களுக்கு மூத்தவள் ஒச்சம்மாள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். "ஏத்தா, சின்ன வெங்காயத்த அரச்சுச் சாறெடுத்து மண்டையில தேயி. அப்பறம் உசிலம்பொடி போட்டுக் குளி. முடி கருகருன்னு வரும்" என்றாள். உசிலம்பொடி என்றால் என்ன என்று நாங்கள் கேட்க, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பொடியைக் காட்டினாள். பார்த்தால் நாங்கள் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. அதுவே இது, இதுவே அது என்று புரிய அரை மணி நேரச் சண்டை ஆயிற்று.

மருதாள் வெங்காயச் சாற்றையும் தேய்த்துப் பார்த்தாள். மறுநாள் மேஜை முழுக்க வெங்காய வாடை. சாரதாமணி ஓடிவந்து, "மசுரு போயி இப்ப வெங்காய நாத்தத்தையா பேக் பண்ணி அனுப்பறது?" என்று கத்தினாள். அத்தோடு வெங்காயம் நின்றது. என் பங்குக்கு நானும் ஒரு வைத்தியம் சொன்னேன். "பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துரு மருதா. கொட்டறதுக்கே ஒண்ணும் இருக்காது." எல்லோரும் சிரித்தார்கள். மருதாள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வைத்தியம் கேட்கவில்லை. வேறொன்று செய்தாள். தலையிலிருந்து விழுகிற முடியையெல்லாம் சேர்த்துத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய், பீஸ் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்து நாள் கழித்து டீ நேரத்தில் ஒச்சம்மாளிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"பாதி முடிக்கு நுனியில வெள்ளையா வேரு இருக்குதுங்க்கா. பாதிக்கு வேரே இல்ல. நடுவுல அறுந்திருக்குது. அறுந்ததெல்லாம் ஒரே அளவு."

"அதுக்கென்னத்தா?"

"துணியில ஒரே எடத்துல ஓட்டை திரும்பத் திரும்ப வந்தா நூலு மேல குத்தம் இல்லீங்கள்ல? மிஷின்ல ஊசி போயிருக்கும். பனியன் துணி பின்னற நிட்டிங்ல வேலை செய்யற எங்கூட்டுக்காரரு இதைத்தான் சொல்லுவாரு." அவள் பின்னந்தலையில் எலாஸ்டிக் மாட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஊசி இதுதானுங்க்கா."

நாங்கள் இத்தனை பேர் இத்தனை வருடம் அந்த எலாஸ்டிக்கைப் போட்டிருக்கிறோம். அதன் உள்பக்கம் ரப்பர் நூல் துருத்திக்கொண்டு முடியைக் கடித்து இழுப்பது எல்லோருக்கும் தெரியும். கழற்றும்போது வலிக்கும், இரண்டு முடி அதோடு வரும், உதறிவிட்டுப் போய்விடுவோம். நூறு டீ-ஷர்ட்டில் ஒரு ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் எங்களுக்கு. சொந்தத் தலையை ஒருநாளும் பார்த்ததில்லை.

மருதாள் எலாஸ்டிக்கைத் தூக்கி எறிந்தாள். அதற்குப் பதில் வெட்டுத்துண்டு பனியன் துணியை ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்தாள். அந்தத் துணியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் தானே சுருண்டு மெத்தென்ற கயிறாகிவிடும். அதால் தளர்வாகக் கட்டினாள். மேலே அதே பனியன் துணியில் ஒரு குல்லாய் தைத்து மாட்டிக்கொண்டாள், விழுகிற முடி வெளியே போகாமல் இருக்க. கம்பெனியே அவளைப் பார்த்துச் சிரித்தது. குல்லாக்காரி என்று அவளுக்கு இரண்டாவது பெயர் வைத்தவளும் நான்தான்.

அறுந்த முடிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வேரோடு விழுகிற பாதிக்கு இன்னும் தெரியவில்லை. வேலம்பாளையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போட மாதம் ஒருநாள் தெய்வாத்தாள் என்று ஒரு நர்ஸ் வருவார். மருதாள் தன் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனவள், தன் தலையையும் காட்டியிருக்கிறாள். நர்ஸ் தலையைப் பார்க்கவில்லையாம். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்திருக்கிறார். அங்கே நடந்ததை மருதாளே பின்னால் எனக்குச் சொன்னாள்.

"காலையில என்ன தின்னே?"

"டீங்க."

"மத்தியானம்?"

"சோறும் ரசமுங்க. தின்னதும் ஒரு டீங்க."

"சாயங்காலம்?"

"டீயும் போண்டாவுமுங்க."

"ஒடம்புல ரத்தமே இல்ல. மசுரு எதுல இருந்து வளரும் கண்ணு, டீத்தூள்ல இருந்தா?"

எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு அதுதான். எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டும். விடியற்காலை தண்ணீர் பிடித்து, சமைத்து, புருஷனுக்குத் தூக்குப்போசியில் போட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு ஓடிவருகிறவளுக்கு உட்கார்ந்து சாப்பிட ஏது நேரம்? பத்தரைக்கு டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வயிற்றை அடைத்துவிடும். ஒன்றரை ஷிப்ட் வேலை என்றால் இன்னும் இரண்டு டீ. பசி தெரியாது. பசி தெரியாததைச் சாப்பிட்டதாக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

நர்ஸ் சிவப்பு மாத்திரை கொடுத்தார். வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதே என்றார். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீயைத் தொடக்கூடாது என்றார். கீரை, கொள்ளு, கடலை, ராகி, முட்டை, எது முடியுமோ அதைத் தின்னு, முடிக்கு எண்ணெய் மேலிருந்து வேலை செய்வதைவிடச் சோறு உள்ளிருந்து செய்யும் என்றார். நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

மருதாள் அதைச் சட்டம் மாதிரி கடைப்பிடித்தாள். ராகி மாவை இரவே காய்ச்சி வைத்து, காலையில் மோர் ஊற்றி ஒரு போசி குடித்துவிட்டுத்தான் படியிறங்குவாள். லைன் வீட்டுக்குப் பின்னால் யாரும் சீண்டாத ஒரு முருங்கை மரம் இருந்தது. வாரம் மூன்று நாள் அந்தக் கீரை. இரண்டு நாள் கொள்ளுப் பருப்பு. பத்தரை டீக்குப் பதில் ஊறவைத்த நிலக்கடலை ஒரு கை. கிராமத்துச் சாப்பாட்டின் அருமை பெருமை என்று நான் இங்கே பாட வரவில்லை. ராகி மலிவு, முருங்கைக் கீரை சும்மா கிடைத்தது, அவ்வளவுதான். கம்பெனியில் ராகிக் கூழைத் திறந்தால் கேலி செய்வார்கள் என்றுதான் அவள் மூன்று வருடமாக அதை விட்டிருந்தாள்.

முட்டைக்குத்தான் வீட்டில் தகராறு வந்தது. அவள் புருஷன் கருப்புசாமி நல்ல மனுஷன், ஆனால் முட்டை தன் தட்டுக்குத்தான் வரும் என்று பிறந்ததிலிருந்து நம்பியவன். வாரம் நாலு முட்டை வாங்கினால் மூன்று அவனுக்கு, ஒன்று மகளுக்கு. மருதாள் ஒருநாள் இரண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்தாள். "இதென்ன புதுசா?" என்று கேட்டானாம். "உங்களுக்கு மசுரு நல்லாத்தான இருக்குது" என்றாளாம். அவன் மறுவாரம் ஆறு முட்டையாக வாங்கிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளியல். வேலம்பாளையத்தில் போர் தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் முடி கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை முதல் நாளே தேய்த்து ஊறவைத்து, அரப்புத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் அலசி, கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வாள். நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற குடிக்கிற தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறாளே என்று லைன் வீடே சண்டைக்கு வந்தது. என் பங்குக் குடத்தைத்தான் ஊற்றுகிறேன் என்று அவளும் விடவில்லை. ஈர முடியைத் துண்டால் அடித்து உதறுவதை நிறுத்தினாள். பனியன் துணியில் ஒற்றியெடுத்து, காய்ந்தபிறகு அகலப் பல் மரச்சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுப்பாள்.

மாதம் பிறந்தால் இஞ்ச் டேப் வெளியே வரும். டீ நேரத்தில் பின்னலை அவிழ்த்து, ஒச்சம்மாளை ஒரு நுனி பிடிக்கச் சொல்லி, இருப்பதிலேயே நீளமான முடியை அளந்து, லேபிள் அட்டை ஒன்றின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொள்வாள்.

"என்ன மருதா, அளவு சார்ட்டா?" என்று நான் கேட்டேன்.

"வளருதான்னு பாக்கறனுங்க்கா" என்றாள்.

ஒவ்வொரு சரக்கு கிளம்பும்போதும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. ஆடி போயிற்று, புரட்டாசி போயிற்று, தீபாவளிச் சரக்கு போயிற்று. ஏழாம் நம்பரில் எதுவும் வரவில்லை. கார்த்திகைக்குள் அவள் ஸ்டூலைச் சுற்றித் தரை சுத்தமாக இருந்தது. நெற்றியோரத்தில் குட்டிக் குட்டி முடி முளைத்து நின்றது. ஒச்சம்மாள் தடவிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ளைகளா, இங்கிட்டு வந்து பாருங்கத்தா, நாத்து நட்ட மாதிரி இருக்கு" என்று கூவினாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எதற்குப் பொறாமை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மார்கழியில் மூன்றாவது முடி வந்தது. ஏழாம் நம்பர் சீட்டு.

சாரதாமணி பீஸையும் முடியையும் சேர்த்தே எடுத்து வந்தாள். அவளுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "நான் என்ன பண்ணட்டும் மருதா? சொல்லித்தான் இருந்தேன். கெளம்பு, பிசிறுக்குப் போ" என்றாள். மேஜையில் ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டோம். மருதாள் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. குல்லாயைக் கழற்றினாள். பின்னலை அவிழ்த்தாள். பிறகு கையை நீட்டி அந்த முடியை வாங்கி, வெள்ளை பீஸின்மேல் நேராக நீட்டி வைத்து, இஞ்ச் டேப்பை அதன் பக்கத்தில் விரித்தாள்.

"முப்பத்தி நாலு இஞ்சுங்க்கா. நீங்களே பாருங்க."

சாரதாமணி குனிந்து பார்த்தாள். மருதாள் சோற்றுப் பையிலிருந்து லேபிள் அட்டையை எடுத்து வைத்தாள். ஆனியிலிருந்து மார்கழி வரை ஏழு மாத அளவு அதில் இருந்தது. கடைசி அளவு இருபத்திரண்டு இஞ்ச்.

"என்ற தலையில முப்பத்தி நாலு இஞ்சுக்கு முடியே இல்லீங்க்கா. இப்பவே அளந்து பாத்துக்குங்க."

"மாசாமாசம் டேப்ப நாந்தேன் புடிக்கிறேன்" என்றாள் ஒச்சம்மாள். "அதுல பொய்யில்ல."

சாரதாமணி டேப்பை மருதாளின் முடியில் வைத்து அளந்தாள். இருபத்திரண்டுதான். அதற்குப் பிறகு நிமிர்ந்து மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். ஒச்சம்மாளுக்குச் சுருட்டை முடி, பாதி நரை. மற்ற மூவருக்கும் தோளைத் தாண்டி ஒரு சாண் இருக்கும். நான் என் பின்னலை வழக்கம்போல முன்பக்கம் தூக்கிப் போட்டிருந்தேன். பீஸை அடுக்க நான் எழுந்து குனிகிறபோதெல்லாம் அது நடுவில் இருக்கும் அடுக்கைத் தடவிக்கொண்டுதான் போகும். என் அடுக்கும் மருதாளின் அடுக்கும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். இறுக்கிக் கட்டு என்று சாரதாமணி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அடர்த்தியான முடி கொட்டாது என்று அவளுக்கு நினைப்பு. யாருக்கும்தான் கொட்டும்.

"என்ற முடிதானுங்க" என்றேன். நானாக முன்வந்து சொன்னதாகப் பெருமையடித்துக்கொள்ள முடியாது. டேப் என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

மருதாள் ஸ்டூலில் இருந்தாள். நான் மூன்று மாதம் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டினேன். சாரதாமணி அத்தனை பேருக்கும் வெட்டுத்துண்டுத் துணியில் குல்லாய் தைத்துக் கொடுத்து, போடாதவள் மேஜைக்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டாள். குல்லாக்காரி என்று பெயர் வைத்த என் தலையிலும் குல்லாய் ஏறியது. ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. மருதாள் சிரிக்கவில்லை, பாவம் பார்க்கவும் இல்லை. பார்த்தால் "சாப்பிட்டீங்களாக்கா" என்பாள், அவ்வளவுதான். அந்தக் கோபம் தீர எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நியாயமாக அவள் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

காலம் ஓடியது. திருப்பூரில் கம்பெனி பெருகியது. 1996-இல் மருதாள் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் முப்பது பெண்களுக்குச் செக்கிங் சூப்பர்வைசர். அவளுக்கு முடி கால்வரை வளர்ந்துவிடவில்லை. முதுகு பாதிவரை, கைப்பிடி நிறைகிற பின்னல். எலிவால் என்று யாரும் சொல்ல முடியாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணை வாசலில் நிறுத்தி எலாஸ்டிக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பனியன் துணிக் கயிறு ஒன்றைக் கொடுப்பாள். காலையில் என்ன தின்றாய் என்று கேட்பாள். டீ என்று சொன்னால் திட்டு விழும்.

அந்த வருடம் நானும் அவளுக்குக் கீழேதான் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் முடி கொத்துக்கொத்தாக வந்துகொண்டிருந்தது. முப்பத்து நாலு இஞ்ச் முடியில் பாதி அடர்த்தி போய்விட்டது. வெட்கத்தை விட்டு ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். அவள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். டீ என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

எட்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். "மருதா, ஆனியில ரெண்டாவதா வந்ததும் என்ற முடிதான். சாரதாமணியக்கா தூக்கிப் புடிச்சப்பவே எனக்குத் தெரியும். நீளத்தைப் பாத்துட்டுத்தான் குனிஞ்சுக்கிட்டேன்."

"எனக்கும் தெரியுமுங்க்கா" என்றாள்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"டீ பெல் அடிக்கற வரைக்கும் பாத்துட்டே இருந்தனுங்க, நீங்க சொல்லுவீங்கன்னு. நீங்க சொல்லல. அதுக்கப்புறந்தான் டேப்பை எடுத்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"என்ற முடியுந்தானுங்க கொட்டிக்கிட்டு இருந்துச்சு. உங்களுதுன்னு நான் சொன்னா யாரு கேப்பாங்க? என்றது நின்னாத்தானுங்க உங்களுது தெரியும்."

"அந்த முடி?"

"கவர்லதான் இருந்துச்சு. மார்கழியில ரெண்டையும் எடுத்து வெச்சிருந்தா உங்களைக் கம்பெனிய விட்டே அனுப்பியிருப்பாங்க. ஒண்ணு போதும்னு உட்டுட்டேன்."

அழுதுவிட்டேன். அவள் என் சோற்றுப் போசியைத் திறந்து பார்த்து, வெறும் ரசம் சோறு என்றதும், தன் தூக்குப்போசியிலிருந்து முருங்கைக் கீரைப் பொரியலை அள்ளி அதில் வைத்தாள். என் பின்னலிலிருந்த எலாஸ்டிக்கைப் பார்த்து, கழற்றச் சொல்லிக் கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் ராகிக் கூழ் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். வாசலில் அவள் நின்றிருந்தாள். "என்ன தின்னீங்க்கா?" என்று கேட்டாள். சொன்னேன். "செரி, போயி உக்காருங்க" என்று என் ஸ்டூலைக் காட்டினாள்.